வெந்தயத் தண்ணியின் அடியில்

அன்புள்ள லியோ,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, "சிக்னல் கட்டாகுதும்மா" என்று சொல்லிப் போனை வைத்தாய். மும்பையில், ஊருக்கு நடுவில் ஒரு விடுதியில் உட்கார்ந்துகொண்டு சிக்னல் இல்லை என்கிறாய். கப்பலில் இருந்துகூட நீ என்னோடு தெளிவாகப் பேசியிருக்கிறாய். அதற்குப் பிறகு உன் மனைவி ஷைனியோடு மட்டும்தான் பேச்சு. அதனால் எழுதுகிறேன். எழுத்தை நடுவில் துண்டிக்க முடியாது. நான் எழுதி முடிக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் ஷைனி போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். அப்படியென்றால் அவளும் படிப்பாள். படிக்கட்டும். அவளைப் பற்றி நான் நினைத்ததும் இதில் வரும், உன்னைப் பற்றி நினைத்ததும் வரும். இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் எதையும் செய்யக்கூடாது என்று படுத்துக்கிடந்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

எல்லாம் உனக்குத் தெரியும் என்று நினைக்காதே. உனக்குத் தெரிந்தது ஒரு துண்டு, ஷைனிக்குத் தெரிந்தது ஒரு துண்டு. என் உடம்புக்குள் என்ன நடந்தது என்பது உங்கள் இருவருக்கும் தெரியாது. ஆகையால் தொடக்கத்தில் இருந்தே சொல்கிறேன்.

உன் அப்பா சுகரில் போனவர். துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் நின்று பெரிய பெரிய கப்பல்களுக்குக் கயிறு மாட்டியவர், கடைசியில் கட்டிலை விட்டு இறங்க நம் தோளைப் பிடிக்க வேண்டியதாயிற்று. கால் விரலில் ஒரு சின்னப் புண், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய். ஆபரேஷன் முடிந்து போர்வையை விலக்கிப் பார்த்தவன் நீதான். அன்றைக்கு உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அன்றிலிருந்து நம் வீட்டில் சுகர் என்றால் ஏறுவது என்று மட்டும்தான் அர்த்தம். அது இறங்கும் என்றோ, இறங்கினால் ஆளை அடிக்கும் என்றோ நாம் யாரும் யோசித்தது இல்லை. எனக்கும் அது வந்திருக்கிறது என்று தெரிந்தபோது நீ கப்பலில் இருந்து அழைத்துக் கேட்ட முதல் கேள்வி, "மக்ரூன் தின்னியாம்மா?"

நான் மக்ரூன் போடுகிறவள். வீட்டின் பின்கட்டில் அடுப்பு வைத்து, முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் அடித்து, காகிதக் கூம்பில் பிழிந்து, இந்த ஊர்க் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுத்துத்தான் உன்னைக் கப்பல் படிப்புக்கு அனுப்பினேன். அதனால் என் சுகர் கொஞ்சம் கூடினாலும் எல்லோர் கண்ணும் என் வாய்க்குத்தான் போகும். "நாக்குல வைக்காம பதம் எப்படித் தெரியும்?" என்று நீயே கேட்டிருக்கிறாய். கரண்டியைத் தூக்கினால் நுரையின் முனை சாயாமல் நிற்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். நாக்குக்கு அங்கே வேலை இல்லை. சுகர் வந்த நாளில் இருந்து ஒரு மக்ரூனைக்கூட நான் வாயில் வைத்தது இல்லை. நீ நம்பவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் சுகர் பார்க்கும் மிஷினை எடுத்து, பழைய எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாய். நீ மிஷினைப் பார்ப்பதை நான் குசினி வாசலில் நின்று பார்ப்பேன். ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதில் நாம் அம்மாவும் மகனும் ஒரே ரத்தம்தான்.

இந்தத் தடவை நீ லீவில் இருந்த கடைசி நாட்களில்தான் அது தொடங்கியது. ஒரு நாள் அடுப்புப் பக்கம் நிற்கும்போது வியர்த்தது. அடுப்பில் நிற்கிறவளுக்கு வியர்க்காதா என்பாய். அடுப்பு வியர்வை சூடாக இருக்கும். இது ஐஸ் தண்ணியைத் தெளித்தது போல நெற்றியிலும் பிடரியிலும் குளிர்ந்து நின்றது. கை நடுங்கியது. பிழிந்த மக்ரூன்களின் முனையெல்லாம் கோணலாகப் போனது. பசி என்றால் சாதாரணப் பசி இல்லை, யாரோ வயிற்றுக்குள் கையை விட்டுப் பிசைகிற மாதிரி. மிஷினை எடுத்துக் குத்திப் பார்த்தேன். அறுபதைத் தொட்டு நின்றது. எனக்கு எப்போதும் நூற்றி அறுபது, எழுபது என்று இருக்கும். நீயோ எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, சூப்பரா குறைஞ்சிருக்கே!" என்று என் தோளைத் தட்டினாய். நீ அவ்வளவு சந்தோஷப்பட்டதே எனக்கு இடித்தது. நான் எதையும் மாற்றவில்லை. அதே சோறு, அதே மாத்திரை, அதே நடை. பிறகு எப்படி இறங்கும்?

முதலில் மிஷினைச் சந்தேகப்பட்டேன். நம் ஊர்க் காற்றில் இருக்கும் உப்புக்கு இரும்பே தாக்குப்பிடிக்காது, இந்தக் காகித ஸ்ட்ரிப் எம்மாத்திரம். புது டப்பா வாங்கினேன். அதே எண். அடுத்து மருந்துக் கடையைச் சந்தேகப்பட்டேன். மாத்திரையின் நிறம் மாறியிருந்தது. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"அண்ணாச்சி, இது நான் வாங்குற மாத்திரை இல்ல. அது வெளிர் பச்சை. இது ரோஸ்."

"கம்பெனி மாறியிருக்கும்மா. மருந்து அதேதான். அட்டையில பேரு இருக்கு பாருங்க."

"எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. எப்படிப் பாக்க?"

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். கடையில் கூட்டம் காத்துக்கிடக்க, நான் அதைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். மருந்தும் அளவும் சரியாகத்தான் இருந்தன. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "திருப்திதானா?" என்றார். இல்லை என்றுதான் வந்தேன்.

நீ கோர்ஸுக்கும், கப்பலில் ஏறுமுன் செய்கிற மெடிக்கல் பரிசோதனைக்கும் என்று மும்பைக்குப் போனாய். எனக்குச் சுகர் இறங்குவது நிற்கவில்லை. வெளியே கிளம்பவே பயம் வந்துவிட்டது. ஒன்றைக் கவனித்தேன். சனிக்கிழமை காலையில் ஷைனி மணப்பாட்டுக்கு, கண் ஆபரேஷன் செய்திருந்த அவள் அம்மாவைப் பார்க்கப் போவாள். ஞாயிறு சாயங்காலம் வருவாள். அந்த இரண்டு நாளும் எனக்கு ஒன்றும் ஆகாது. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை, எண் என் பழைய எண். அவள் வந்த மறுநாள் காலை தாண்டியதும் மறுபடி குளிர்ந்த வியர்வை. ஒரு வாரம் நடந்தால் தற்செயல் எனலாம். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான் அவளை வழியனுப்பவில்லை, பின்னால் நின்று அளந்துகொண்டிருந்தேன்.

அவள் எனக்குத் தினமும் தன் கையால் தருவது ஒன்றுதான். காலையில், கண்டெய்னர் கம்பெனி வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஊறவைத்த வெந்தயத் தண்ணி. நீ சொல்லித்தான் அந்தப் பழக்கமே வந்தது. ஸ்டீல் டம்ளரில் தருவாள். ஒரு நாள் அதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். அடியில் கறுப்பும் பச்சையுமாக ஒரு வண்டல் இறங்கியது.

"ஏளா, அடியில என்ன கெடக்கு?"

"வெந்தயத் தொலிதான் மாமி."

"வெந்தயத் தொலி மஞ்சளால்லா இருக்கும்?"

"ரொம்ப ஊறிட்டுன்னா கறுக்கும் மாமி."

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அந்தத் தண்ணியைக் கொல்லைக் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினேன். அன்று முழுக்க எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான், எனக்கு உறுதியாகிவிட்டது. இவள் என்னவோ போடுகிறாள். எதற்குப் போடுகிறாள் என்பதுதான் மிச்சம். மனசு அதற்குப் பதில் தேடிக்கொண்டு எங்கெங்கோ போனது. வீடு என் பேரில் இருக்கிறது. சென்னைக்குப் போனால் நல்ல வேலை கிடைக்கும் என்று அவள் ஒரு தடவை உன்னிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். எனக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, நான் சாப்பிடும்வரை ஏன் அங்கேயே நிற்கிறாள்? மிஷினில் எண்ணைப் பார்த்துவிட்டு ஏன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள்? இதையெல்லாம் எழுத எனக்கு வெட்கம் இல்லை, லியோ. நீயே சொல், நான் பார்த்ததில் எது பொய்? அவள் உண்மையிலேயே மாடிக்குப் போனாள். உண்மையிலேயே அடுப்பைப் பார்த்தாள். உன்னிடம் சொல்லலாமா என்று போனை எடுப்பேன். பெண்டாட்டியைப் பற்றி அம்மா சொன்னால் எந்த மகன் நம்புவான் என்று வைத்துவிடுவேன்.

தினமும் டம்ளரை வாங்கிக்கொண்டு, "வச்சிட்டுப் போளா, குடிக்கேன்" என்று சொல்லி, அவள் தலை மறைந்ததும் மரத்தடியில் ஊற்றினேன். ஆனால் பட்ட பயம் போகவில்லை. எந்த நேரமும் இறங்கிவிடுமோ என்று வெளியே கிளம்பும் முன்னால் ஒரு வாழைப்பழம், கடைக்குப் போகும் முன்னால் நாலு பிஸ்கட், படுக்கும் முன்னால் ஒரு டம்ளர் பால் என்று உள்ளே தள்ளினேன். இறங்கி அடிபட்டவர்களுக்கு இந்தப் பயம்தான் பெரிய வியாதி என்று பிறகு டாக்டர் சொன்னார். எண் ஏறியது. இருநூறு, இருநூற்றி இருபது. எனக்கு அது ஏறுவதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது. இருநூறில் ஆள் மயங்கி விழமாட்டாளே.

எனக்குத் தெரியாத பாதி இங்கேதான் இருக்கிறது. அந்த எண்களை ஷைனி மிஷினில் பார்த்து உனக்குச் சொல்லியிருக்கிறாள். மரத்தடியில் வெந்தயம் முளைவிட்டு நிற்பதையும் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். நீ அங்கே இருந்துகொண்டு, "அப்ப மோர்ல கலந்து குடு, கொஞ்சம் கூடவே போடு" என்று சொல்லியிருக்கிறாய். நான் உங்களுக்குத் தெரியாமல் ஒரு பக்கம் இழுத்தேன். நீங்கள் எனக்குத் தெரியாமல் இன்னொரு பக்கம் இழுத்தீர்கள். நடுவில் கிடந்தது என் ரத்தம்.

நான் விழுந்த அன்றைக்கு ஷைனிக்கு லீவு. மோரை நானே கடைந்தேன். இஞ்சியும் கறிவேப்பிலையும் நானே தட்டிப் போட்டேன். டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தது மட்டும் அவள். நானே செய்தது என்பதால் சந்தேகம் வரவில்லை. கொஞ்சம் கசந்தது. இஞ்சி முற்றல் என்று நினைத்துக் குடித்துவிட்டு, ஒரு கல்யாண வீட்டு ஆர்டரை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். சாப்பாட்டை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ரெண்டாம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில். எனக்கு முன்னால் ஒரு உப்பு லாரி நின்றது. ரயில் பெட்டிகள் ஓடிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன், பிறகு ஒவ்வொரு பெட்டியும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. கேட்டைத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் போகிறார்கள். எனக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை. பிறந்து வளர்ந்து கட்டிக்கொடுத்து எல்லாம் இதே ஊர், லியோ. கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். "ஏம்மா, வண்டிய எடு!" என்கிறான் ஒருவன். "தண்ணி போட்டிருக்கு போல" என்கிறான் இன்னொருவன். அது காதில் விழுகிறது, பதில் சொல்ல நாக்கு வரவில்லை. உடம்பெல்லாம் நனைந்துவிட்டது. கால் மடங்கி வண்டியோடு சாய்ந்தேன்.

பெட்டி திறந்து மக்ரூன் ரோட்டில் கொட்டியது. என் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. எனக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரு வாய்ச் சீனிதான். அது பெட்டி நிறைய என்னோடுதான் இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பேன். அந்தப் புத்தியிலும் எனக்கு ஓடியது என்ன தெரியுமா? தின்றால் மிஷினில் தெரிந்துவிடும், தின்றுவிட்டாள் என்று சொல்வார்கள். கையை மடக்கிக்கொண்டேன். பிறகு ஒரு ஆட்டோக்காரர் என்னைத் தூக்க வந்தாராம். வண்டியைத் திருட வந்தவன் என்று நினைத்து அவர் கையைக் கடித்தேனாம். அந்தக் கையோடுதான் அவர் என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே பார்த்தபோது எண் முப்பதுக்கு வந்திருந்ததாம்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். தெளிந்தேன். எண் மேலே வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால் மறுபடி இறங்கியது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி இறங்கியது. அந்த டாக்டர் ஒரு சின்னப் பெண், ஷைனி வயசுதான் இருக்கும். என் மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்த மாத்திரையத்தான் போட்டீங்களா? கூட ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல."

"வீட்டுல ஏதும் சண்டையா? மனசு கஷ்டப்பட்டு நாலஞ்சு மாத்திரைய மொத்தமாப் போட்டுட்டீங்களா? எங்கிட்டச் சொல்லலாம்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "டாக்டர், கல்யாண வீட்டு ஆர்டர் கையில வச்சிருக்கேன். எனக்குச் சாகதுக்கு நேரமில்ல" என்றேன். பிறகு, கட்டில் காலடியில் நின்ற ஷைனியைப் பார்த்து, இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். "இவளக் கேளுங்க. இவதான் வெந்தயத் தண்ணியில என்னமோ கலக்கா."

வார்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். கத்துவாள், அழுவாள், உனக்குப் போன் போடுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஆமா டாக்டர். ஒரு பொடி. அவிய குடுத்துட்டுப் போனாவ."

டாக்டர் அதை எடுத்துவரச் சொன்னாள். வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. பேர் இல்லை, செய்தவன் யார் என்று இல்லை, என்ன சேர்த்தது என்று இல்லை. உன்னோடு கப்பலில் இருந்த ஒருவன் சொல்லி, கூரியரில் வரவழைத்தாயாம். டாக்டர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "இந்த மாதிரிப் பொடி சாப்பிட்டு வந்தவங்கள முன்னாலயும் பாத்திருக்கேன். சிலதுல சுகர் மாத்திரையவே அரைச்சுக் கலந்திருவாங்க. இதுல என்ன இருக்குன்னு லேபுல பாக்காமச் சொல்ல முடியாது. ஆனா உங்க மாத்திரைக்கு மட்டும் இப்படித் திரும்பத் திரும்ப இறங்காது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற யாரும் இதச் சாப்பிடுதாங்களா?" என்று கேட்டாள்.

என் சந்தேகம் சரிதான் என்று தெரிந்தபோது ஒரு நிம்மதி வந்தது, லியோ. பொய் சொல்லமாட்டேன். நான் பைத்தியம் இல்லை, என் கண் பார்த்தது நிஜம் என்ற நிம்மதி. அது ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. டாக்டர் கேட்ட கேள்விக்கு ஷைனி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சொன்னாள்.

"அவியளும் சாப்பிடுதாவ. லீவுல வந்ததுல இருந்தே. சுகர் இருக்குன்னு தெரிஞ்சா கப்பல்ல ஏத்தமாட்டாவன்னு, மெடிக்கலுக்கு முன்னால குறைக்கணும்னு..."

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக வந்தது. லீவில் ஒரு நாள் பகலில் நீ கை நடுங்க வந்து வாழைப்பழத்தை மூச்சுவிடாமல் தின்றாய். சட்டை நனைந்திருந்தது. நான் உன் பக்கத்தில் வந்து வாயை முகர்ந்து பார்த்தேன், குடித்திருக்கிறாயோ என்று. எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன், மிஷினை, அண்ணாச்சியை, ஷைனியை. உனக்கு இந்த வியாதி வந்திருக்குமோ என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அது ஒன்றை நினைக்க மனசு இடம் கொடுக்கவில்லை.

அங்கேயே படுத்தபடி உன்னை அழைத்தேன். அந்தப் பேச்சு உனக்கு நினைவிருக்கும்.

"ஏலே, அந்தப் பொடிய நீயும் தின்னுதியா?"

"யாரும்மா சொன்னா?"

"தின்னுதியா இல்லியா?"

"அது மூலிகைம்மா. ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதுன்னா எதுக்குலே தின்ன?"

"எனக்கு ஏன் மறைச்சுக் குடுத்த?" என்று கேட்டேன். "சொன்னா நீ குடிக்கமாட்டம்மா. நீ யாரத்தான் நம்பியிருக்க?" என்றாய். அதற்கு அப்புறம்தான் உனக்குச் சிக்னல் போனது.

நீ சொன்னது சரி. சொல்லியிருந்தால் குடித்திருக்கமாட்டேன். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பேன், பதில் வரும்வரை டப்பாவைத் திறக்கவிட்டிருக்கமாட்டேன். அப்படிக் கேட்கிற ஒருத்தியிடம் நீ மறைத்தாய், கேட்காத ஒருத்தியின் கையால் கொடுத்தாய். வீட்டுக்கு வந்த பிறகு ஷைனியிடம் கேட்டேன். "ஏளா, நீ என்னக் கொல்லப் பாக்கன்னு நெனச்சேன்."

"தெரியும் மாமி. நீங்க டம்ளரப் பாக்கிற பார்வையிலயே தெரிஞ்சிது."

"தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?"

"நிறுத்துனா மாமாவுக்கு மாதிரி உங்களுக்கும் கால் போயிரும்னு அவிய போன்ல அழுதாவ. அவிய அழுது நான் பாத்ததே இல்ல மாமி. என்ன செய்யச் சொல்லுதிய?"

நான் அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. அவளும் காலில் விழவில்லை. நான் அவளைச் சந்தேகப்பட்டதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கமாட்டேன், ஏனென்றால் அவள் கலந்தாள். ஆனால் தன்னைக் கொலைகாரி என்று நான் நினைப்பது தெரிந்தும், தினமும் என் முன்னால் வந்து நின்றாளே, உனக்குக் கொடுத்த வாக்குக்காக, அந்தப் பெண்ணை இனி எதையும் மறைக்கச் சொல்லாதே. அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை. அடுப்பைப் பார்க்கிறாள்.

இப்போது எனக்கு டாக்டர் மாத்திரையைக் குறைத்திருக்கிறாள். "உங்க வயசுக்குத் தொண்ணூறு வேணும்னு அடம்பிடிக்க வேண்டாம். கொஞ்சம் மேலேயே நிக்கட்டும், விழாம இருங்க" என்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, சாப்பிடவில்லை என்றால் எங்கேயும் கிளம்பாதே, பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள் என்கிறாள். இவ்வளவையும் செய்தாலும் ஒரு நாள் நூற்றி நாற்பது, ஒரு நாள் நூற்றித் தொண்ணூறு. காய்ச்சல் வந்தால் ஏறும். சண்டை போட்டால் ஏறும். அதிகம் நடந்தால் இறங்கும். காரணமே பிடிபடாத நாளும் உண்டு. இது ஒருநாள் சரியாக நிறுத்திவைத்துவிட்டு மறந்துபோகிற தராசு இல்லை. தினமும் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கை வலிக்கும், மாற்றிப் பிடிக்க வேண்டும். உன் அப்பாவுக்கு ஏறிக் கால் போனது. எனக்கு இறங்கி உயிர் போகப் பார்த்தது. நீ இரண்டையும் பார்த்தவன். உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கெட்ட எண் வந்தால் ஏன் என்று கேள். காரணம் இல்லாமல் நல்ல எண் வந்தால் அதைவிடக் கடுமையாகக் கேள். மெடிக்கலில் உனக்கு நல்ல எண் வந்தது. அந்த எண்ணோடு நீ இன்ஜின் ரூமுக்குள், அந்த வெக்கையில், இரும்பு ஏணியில் நின்றிருந்தால், நீ கடித்தாலும் விடாமல் உன்னைத் தூக்க அங்கே எந்த ஆட்டோக்காரர் வருவார்?

பொடியைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று ஷைனிக்கு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாய். பார்த்தேன். குப்பைத் தொட்டிக்குள் டப்பா கிடக்கிறது. டப்பா மூடியிருக்கிறது. உள்ளே பொடி இருக்கிறதா, இல்லை வேறு கவரில் மாற்றிவிட்டு வெறும் டப்பாவைப் போட்டாயா என்று எனக்கு எப்படித் தெரியும்? கம்பெனி டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், மறுபடி ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை எழுதியிருக்கிறார்கள், இந்தக் கப்பல் எனக்கு இல்லை, சுகர் ஒரு நிலைக்கு வந்த பிறகு அடுத்த கப்பலைப் பார்க்கலாம் என்கிறார்கள் என்று அவளிடம் சொன்னாயாம். இதைச் சொல்லும்போது உன் குரல் உடைந்துபோனது என்றாள். இதைப் பாதி நம்புகிறேன். கப்பல் போனது என்று நீ பொய் சொல்லமாட்டாய். உனக்கு அது உயிர். அதனால் மீதிப் பாதியையும் நம்பப் பார்க்கிறேன். அடுத்த கப்பல் வரும்வரை வீட்டுக்கு வா. வந்து என்னோடு சேர்ந்து விரலைக் குத்து. உன் எண்ணை நான் பார்க்கிறேன், என் எண்ணை நீ பார், இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து.

அடுத்த கப்பல் கிடைக்கும். கிடைத்து நீ ஏறும்போது மாத்திரையை மறைத்துவைத்து விழுங்காதே. உன்னோடு வேலை பார்க்கும் ஒருவரிடமாவது சொல். எனக்குச் சுகர் இருக்கிறது, நான் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வேர்த்துப்போய் முழித்துக்கொண்டு நின்றாலோ, என் வாயில் சீனியைப் போடு என்று சொல். வெட்கமாக இருக்கும். சொல். கப்பலில் இருந்து எனக்கு எண்ணை எழுதி அனுப்பாதே, நீ அனுப்பும் எண்ணை நான் நம்பப்போவது இல்லை. நீ சொல்லிவைத்த அந்த ஆளின் பேரை மட்டும் அனுப்பு.

அவருடைய போன் நம்பரையும் சேர்த்து அனுப்பு. நான் ஒரு தடவை பேசிக்கொள்கிறேன்.

அம்மா